நாற்பதுக்கு மேல் ஒரு சைக்கிள்

நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் நாகர்கோவிலில் சைக்கிள் பழகப்போகிறேன் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "அதுக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கலாம்லா?" இரண்டாவது கேள்வி, "டாக்டர் சொன்னாரா?" சர்க்கரை வந்தாலொழிய யாரும் விரும்பிப் பெடல் மிதிக்க மாட்டார்கள் என்பது ஊர் முடிவு. எனக்குச் சர்க்கரை கிடையாது. பார்வதிபுரத்தில் வீடு, வடசேரியில் ஆடிட்டர் ஆபீஸ், இடையில் வெட்டூர்ணிமடம். மூன்று கிலோமீட்டர் சொச்சம்தான். மினிபஸ்ஸுக்குக் காத்து நிற்கிற நேரத்தில் பாதி தூரம் நடந்துவிடலாம், ஆனால் நடந்து போய்ச் சேர்ந்தால் முதல் அரைமணி நேரம் ஃபேனுக்கு அடியிலேயே போய்விடும். இதெல்லாம் கேட்பவர்களுக்குச் சொல்லும் காரணம். உள்ளே இருந்த காரணம் ஆசைதான், அதை வெளியே சொன்னால் இன்னும் நாலு கேள்வி வரும்.

என் அண்ணன்மார் இரண்டு பேரும் வாடகை சைக்கிளில் பழகினவர்கள். கடையில் ஒரு நீள நோட்டு இருக்கும், அதில் பேரும் எடுத்த நேரமும் எழுதிவிட்டுத் தருவார்கள். முதலில் பாருக்கு அடியில் காலை விட்டு குரங்கு பெடல், அப்புறம் பாருக்கு மேலே, அப்புறம் சீட். முழங்காலில் ரத்தத்தோடு திரும்பி வந்தால் அம்மா தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் போடுவாள், திட்டுவாள், மறுநாள் மறுபடியும் காசு கொடுப்பாள். நான் கடைத் திண்ணை வரை போய் வேடிக்கை பார்ப்பேன். வேண்டாம் என்று என்னை யாரும் தடுத்ததாக ஞாபகம் இல்லை, வா என்று கூப்பிட்டதாகவும் இல்லை. அப்படியே பிளஸ் டூ முடிந்தது, காலேஜ் முடிந்தது, கல்யாணம் முடிந்தது.

அரசின் இலவச சைக்கிள் எங்கள் செட்டுக்குக் கிடைக்கவில்லை. 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கி, சில வருஷத்தில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லாருக்குமாக அது விரிந்தது. ஆண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் என்பது எப்படியோ கிடைத்துவிடும், பெண் பிள்ளைகளுக்கு யாராவது கையில் கொடுத்தால்தான் உண்டு என்று எனக்கு உறுதியானது அந்தத் திட்டத்தைப் பார்த்துத்தான்.

இன்னும் பின்னால் போனால் புதுக்கோட்டை. 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். விவசாயக் கூலிகள், கல்குவாரியில் வேலை பார்த்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கில் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைத்துக் கொண்டுபோகலாம் என்று அதையே விரும்பினவர்களும் உண்டு. இந்த விஷயத்தை நான் அடிக்கடி இழுப்பதற்குக் காரணம், அவர்களில் பெரும்பாலோர் பிள்ளை பெற்ற பிறகு பழகினவர்கள். "இந்த வயசிலயா?" என்று கேட்பவர்களுக்கு அதற்கு மேல் பதில் தேவையில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு, என் தெருவில் என் வயசில் சைக்கிள் தெரிந்த பெண்களை எண்ண ஒரு கை விரல் போதும்.

சரி, பழகுவதற்கு வருவோம்.

பின்னால் ஒருத்தர் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார், நாம் மிதிப்போம், அவர் சொல்லாமல் கையை விட்டுவிடுவார். காலம் காலமாக இதுதான் முறை. பத்து வயசுப் பிள்ளைக்கு இது சரிப்படும். என் எடைக்கு, என் பயத்துக்கு, யார் ஓடி வருவது? முக்கியமான குறை இன்னொன்று. பிடித்திருப்பவர் சைக்கிள் சாயாமல் பார்த்துக்கொள்வதால், சாயும்போது என்ன செய்ய வேண்டும் என்பதைப் பழகவே வாய்ப்பு இல்லாமல் போகிறது. அவர் கையை விடுகிற அந்த நொடியில்தான் பாடமே ஆரம்பிக்கிறது, அதற்குள் நாம் அலறிக்கொண்டு இறங்கிவிடுகிறோம்.

பெரியவர்கள் பழக இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. இரண்டு பெடலையும் கழற்றிவிட வேண்டும், இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிகிற அளவுக்கு சீட்டை இறக்க வேண்டும், அவ்வளவுதான். காலால் தரையை உந்தி உந்திப் போகலாம், சாய்ந்தால் காலை ஊன்றலாம். விழுவதற்கு வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் விழுவதற்குக் கொஞ்சம் சிரமப்பட வேண்டும்.

அண்ணன் மகளுக்குப் பிளஸ் ஒன்னில் கிடைத்த அரசு சைக்கிள் விறகுப்புரையில் சாய்ந்து கிடந்தது. அவள் இப்போது காலேஜ், ஸ்கூட்டி. டயர் இரண்டும் தரையோடு ஒட்டிப் போயிருந்தது, முன் கூடைக்குள் பல்லி முட்டை. அதை நானும் அவளும் உருட்டிக்கொண்டு கோட்டாறு பக்கம் ஒரு பழைய சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணாச்சி இப்போது பெரும்பாலும் பைக் பஞ்சர்தான் ஒட்டுகிறார். பெடலைக் கழற்ற வேண்டும் என்றதும், "மாட்டத்தான் எல்லாரும் வருவாவ, நீங்க கழத்த வாறீயளே" என்று ஒரு பார்வை பார்த்தார்.

வலது பெடல் ஒரு உந்தில் கழன்றது. இடதுபக்கம் வரவே இல்லை, துருவேறி இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, 15-ஆம் நம்பர் ஸ்பேனரின் வாலில் ஒரு இரும்பு பைப்பைச் செருகிக்கொண்டு அண்ணாச்சி முழு உடம்பையும் சாய்த்தார். பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துக் கடைப் பையன், "அண்ணாச்சி, நீங்க முறுக்குற பக்கந்தான் தப்பு" என்று சிரித்தான். தப்பு இல்லை. இடது பெடலின் மரை தலைகீழ், சாதாரண நட்டு இறுகுகிற பக்கம் திருப்பினால்தான் அது கழலும். மிதிக்க மிதிக்க இடது பெடல் தானாகக் கழன்று வந்துவிடாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். அவர் சொல்லித் தந்த கணக்கு எளிது. ஸ்பேனரை மேல் பார்த்து நிற்க வைத்துப் பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் கழலும், முன்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இறுகும், எந்தப் பக்கப் பெடல் ஆனாலும் இதுதான். "கிர்ர்" என்று ஒரு சத்தம், துரு கொட்டியது, கழன்றது. மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவச் சொன்னார். அடுத்த தடவை கழற்ற வேண்டியிருந்தால் பைப் வேண்டாமாம்.

எங்கள் பக்கத்தில் ஒரு குருசடி, குருசு என்கிற சிலுவை நட்ட சின்ன வழிபாட்டிடம், அதன் முன்னால் லேசாகச் சரிந்த ஒரு மைதானம். காலையில் வெயில் ஏறும் முன்னால் போய்விடுவோம். முதலில் சீட்டில் உட்கார்ந்தபடி நடை, அப்புறம் எட்டி எட்டி வைத்து நடை, அப்புறம் இரண்டு காலால் ஒரே நேரத்தில் உந்திவிட்டுக் காலைத் தூக்கிக்கொள்வது. சரிவின் மேல்முனையிலிருந்து கீழே வரும்போது சில விநாடி கால் தரையில் படாமல் போகும். அந்தச் சில விநாடிதான் சைக்கிள். மீதி எல்லாம் அதை நீட்டுவது மட்டும்தான்.

உடம்புக்குப் புரிய வேண்டியது ஒரே ஒரு விஷயம். இடதுபக்கம் சாய்ந்தால் ஹேண்டிலை இடதுபக்கம் திருப்ப வேண்டும். உடம்பு செய்ய நினைப்பது நேர்மாறாக, பயந்து வலதுபக்கம் இழுக்கும், அப்படியே தொபுக்கடீர். சாய்கிற பக்கம் திருப்பினால் சக்கரம் நம் எடைக்கு அடியில் வந்து நின்றுகொள்கிறது. சக்கரம் பம்பரம் போலச் சுற்றுவதால்தான் சைக்கிள் நிற்கிறது என்று நான் பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறேன். அது முழுக் கதை இல்லை. 2011-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சின்ன சைக்கிள் செய்து காட்டினார்கள். சக்கரச் சுழற்சியின் விளைவை எதிர்ப்பக்கம் சுற்றும் இன்னும் இரண்டு சக்கரங்களால் இல்லாமல் ஆக்கிவிட்டார்கள், ஆனாலும் ஆள் இல்லாமல் தள்ளிவிட்டால் அது விழாமல் ஓடியது. சாயும்போது ஹேண்டில் தானே அந்தப் பக்கம் திரும்புவதுதான் அங்கேயும் வேலை செய்தது. ஓரளவு வேகம் கிடைத்தால் சைக்கிளே பாதி வேலையைச் செய்துகொள்ளும் என்பது இதனால்தான். காலை நடைக்கு வந்த ஒரு பெரியவர் தினமும் ஒரு சுற்றுக்கு ஒருமுறை, "மக்களே, வேகமா விடு, வேகமா விட்டா விழாது" என்று சொல்லிக்கொண்டே போவார். எரிச்சலாக இருக்கும், ஆனால் அவர் சொன்னதுதான் டெல்ஃப்ட்காரர்கள் சொன்னதும்.

இன்னொன்று பார்வை. முன்சக்கரத்தைப் பார்த்தால் ஆட்டம் அதிகமாகும், கல்லைப் பார்த்தால் நேராகக் கல்லுக்கே போகும். "அத்தை, கீழ பாக்காதீங்க, குருசைப் பாருங்க" என்று அண்ணன் மகள் கத்துவாள். குருசைப் பார்த்துக்கொண்டே போனதில் ஒருநாள் குருசடிப் படிக்கட்டில் போய் நின்றேன். பிரேக் பிடிக்கப் பழகாமல் எந்தப் பயிற்சியும் தொடங்கக்கூடாது என்று அன்றைக்கு அவள் ஒரு புதுச் சட்டம் போட்டாள், நல்ல சட்டம். நம்ம ஊர் சைக்கிளில் பெரும்பாலும் வலதுகைப் பிரேக் முன்சக்கரத்துக்கு, இடதுகை பின்சக்கரத்துக்கு. இரண்டையும் சேர்த்து மெல்ல அழுத்த வேண்டும், இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் நாம் ஹேண்டிலைத் தாண்டிப் போவோம்.

சரிவில் காலைத் தூக்கிக்கொண்டு வளைந்து வளைந்து போக வந்த பிறகு பெடலை மாட்டினோம். அதற்கப்புறம் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. ஒரு பெடலை மேலே தூக்கி முன்பக்கமாக வைத்து, அதில் எடையைப் போட்டு முதல் மிதி பலமாக மிதித்தால் வண்டி நகர்ந்துவிடும். சீட்டை அன்றைக்கே ஏற்றிவிடக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். கடைசியில் பெடல் கீழே இருக்கும்போது குதிங்காலை வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும், அதுதான் சரியான உயரம். முட்டுவலி என்று சைக்கிளைக் குறை சொல்கிற பலர் தாழ்ந்த சீட்டில் முழங்காலை மடக்கி மடக்கி மிதிப்பவர்கள்.

ரோட்டுக்கு வந்தபோது எனக்கு உண்மையிலேயே சிரமமாக இருந்தது பஸ்ஸோ லாரியோ இல்லை, திரும்பிப் பார்ப்பது. வலதுபக்கத் தோளுக்கு மேலே தலையைத் திருப்பினால் வண்டியும் வலதுபக்கம் இழுக்கும், அங்கேதான் பின்னால் வருகிற பஸ் இருக்கும். இதை மைதானத்திலேயே பழகிவிட வேண்டும். கோடு மாதிரி நேராகப் போய்க்கொண்டே பின்னால் நிற்கிறவர் எத்தனை விரல் காட்டுகிறார் என்று சொல்வது, அப்புறம் ஒரு கையை எடுத்து சிக்னல் காட்டுவது. பார்வதிபுரத்திலும் மார்த்தாண்டத்திலும் மேம்பாலத்தில் ஏறாமல் கீழ்ச்சாலையில் போவது நல்லது, மேலே எல்லாரும் பறக்கிறார்கள்.

இனி வாங்குவது. இதில்தான் எனக்கு நிறையக் கோபம்.

நாகர்கோவிலில் சில கடைகள் ஏறி இறங்கினேன். முன்வரிசையில் நிற்பதெல்லாம் ஒரே மாதிரி, தடித்த டயர், முன்னால் ஷாக், இரண்டு டிஸ்க் பிரேக், 21 கியர், பச்சையும் ஆரஞ்சுமாகக் கண்ணைக் குத்துகிற பெயிண்ட். "அக்கா, ஏத்தமெல்லாம் பறக்கும் பாத்துக்கிடுங்க" என்றான் ஒரு தம்பி. மட்கார்டு எங்கே என்றேன். "அது தனியா வாங்கணும்." கேரியர்? "இதுல மாட்ட முடியாது." ஸ்டாண்ட்? "தனியா." செயின் கவர்? சிரித்தான். சுடிதாரோ சேலையோ கட்டிக்கொண்டு, டிபன் பாக்ஸோடு, ஜூன் மாச மழையில் ரோட்டில் போகிற ஒருத்தி சைக்கிள் வாங்க வருவாள் என்று அந்த வண்டியைச் செய்தவர்கள் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. மலையில் குதிக்கிற பதினாறு வயசுப் பையனை நினைத்துச் செய்திருக்கிறார்கள், அவனும் அதை டியூஷனுக்குத்தான் ஓட்டிக்கொண்டு போகிறான்.

சைக்கிளை விளம்பரத்தைப் பார்த்து வாங்காமல் ஊரைப் பார்த்து வாங்க வேண்டும். நம்ம மாவட்டம் சின்னது, ஆனால் ஒரே ஊர் கிடையாது. சுசீந்திரம், தேரூர், புத்தளம், மணக்குடி பக்கம் வயலும் தென்னையும் உப்பளமுமாகப் பெரும்பாலும் சமதரை. தக்கலை தாண்டி மேற்கே போனால் ஏறி இறங்கி ஏறி இறங்கித்தான் ரோடு, மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம் எல்லாம் ரப்பர் தோட்டத்துக்குள் மேடும் பள்ளமும். கடலோரத்தில் உப்புக்காற்று. இரண்டு பருவமழையும் இங்கே உண்டு, ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. ஆக மழை, உப்பு, ஏற்றம் இந்த மூன்றையும் வைத்துத்தான் நான் கேள்வி கேட்டேன்.

கியர் கணக்கு பயமுறுத்தும், ஆனால் பல்லை எண்ணத் தெரிந்தால் போதும். கியர் இல்லாத சைக்கிளில் முன்பக்கப் பல்சக்கரத்தில் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் இருந்தால் ஒரு மிதிக்கு, அதாவது பெடல் ஒரு முழுச் சுற்று வர, பின்சக்கரம் கிட்டத்தட்ட 2.4 சுற்று சுற்றும், 26 இஞ்ச் சக்கரத்துக்கு ஒரு மிதியில் 5 மீட்டர். சமதரைக்கு அது சுகம், ஏற்றத்தில் நெஞ்சு அடைக்கும். பின்னால் 28 பல்லுக்கு மாறினால் ஒரு மிதிக்கு 3.2 மீட்டர்தான், தூரம் குறைகிறது, பாரமும் குறைகிறது. கியர் என்பது இதற்கு மேல் ஒன்றும் இல்லை. முன்னால் மூன்று, பின்னால் ஏழு என்று 21 சொல்கிறார்களே, அதில் பாதிக்குப் பாதி ஒன்றின் மேல் ஒன்று விழுகிற கியர்கள், ஒரே பாரத்தை இரண்டு மூன்று வழியில் தருபவை. முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் ஏழு, அது நாகர்கோவிலுக்குத் தாராளம். சுசீந்திரம் பக்கம் இருப்பவர்களுக்குக் கியரே வேண்டாம். கியர் இல்லாத சைக்கிளை வாங்கி, அது பாரமாகத் தெரிந்தால் பின்னால் இருக்கிற ஃப்ரீவீல் என்கிற பல்சக்கரத்தை மட்டும் 20 அல்லது 22 பல்லுக்கு மாற்றச் சொல்லலாம். சில நூறு ரூபாய் வேலை, கியர் வண்டிக்குக் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு மிச்சம்.

ரிம் விஷயத்தை எந்தக் கடையிலும் அவர்களாகச் சொல்லவில்லை. விலை குறைந்த சைக்கிளில் பளபளவென்று இருப்பது குரோம் பூசிய இரும்பு ரிம். ரப்பர் கட்டை வந்து ரிம்மைக் கவ்வுகிற பிரேக்காக இருந்தால், மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் அது வழுக்கும், காய்ந்த ரோட்டில் பிடிப்பதில் சின்னப் பங்குதான் பிடிக்கும். அலுமினிய அலாய் ரிம் நனைந்தாலும் எவ்வளவோ மேல். ஆறு மாசம் மழை பார்க்கிற ஊரில் நான் வேறு எதை விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்க மாட்டேன். டிஸ்க் பிரேக் மழையில் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் மலிவு டிஸ்க் அடிக்கடி உரசும், அதைச் சரிசெய்யத் தெரிந்த கை எல்லாத் தெருவிலும் இல்லை. ரப்பர் கட்டையை நானே மாற்றிவிடுவேன்.

ஷாக் வேண்டவே வேண்டாம். மலிவான முன் ஷாக் எடையைக் கூட்டும், ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பாதி பலத்தை அமுங்கி அமுங்கி அதுவே வாங்கிக்கொள்ளும், உப்புக்காற்றுப் பட்டால் கொஞ்ச நாளில் இறுகி நின்றுவிடும். குழிக்கு மருந்து அகலமான டயரும் அளவான காற்றும்தான். டயரின் ஓரத்திலேயே எவ்வளவு காற்று என்று எழுதியிருக்கும். அங்கேயே இன்னொரு எண்ணும் இருக்கும், 47-559 என்பது போல. அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 26 இஞ்ச் டயர் என்று கேட்டு வாங்கிவந்தால் மாட்டாமல் போகலாம், ஏனென்றால் 26 என்ற பேரில் ஒன்றுக்கு மேற்பட்ட அளவு உண்டு. பழைய லேடீஸ் சைக்கிளில் வரும் ஒல்லியான 26-க்கு ரிம் 590 மில்லிமீட்டர், எம்டிபி என்கிற மலைச் சைக்கிள் வகை 26-க்கு 559. வேடிக்கை என்னவென்றால் 700சி என்பதும் 29 இஞ்ச் என்பதும் ஒரே 622 மில்லிமீட்டர் ரிம். பேரில் எவ்வளவு தூரம், அளவில் ஒன்றுமில்லை.

உப்புக்கு மருந்து கிடையாது, தள்ளிப்போடத்தான் முடியும். குளச்சலில் இருக்கும் என் தோழி வீட்டு வராந்தா கடலைப் பார்த்தது, அங்கே நின்ற சைக்கிளின் கம்பியெல்லாம் ஒரே மழைக்காலத்தில் தவிட்டு நிறம் ஆகிவிட்டது. செயினை முழுசாக மூடுகிற கவர், துருப்பிடிக்காத கம்பி, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் ஊற்றித் துடைப்பது, காய்ந்த பிறகு செயினுக்கு நாலு சொட்டு மெஷின் ஆயில். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நம்ம வீட்டில் எதற்கும் அதுதான் முதலில் வரும் என்று தெரியும், ஆனால் செயினில் அது பிசுபிசுத்துப் போய் ரோட்டு மணலையெல்லாம் வாரி வைத்துக்கொள்ளும்.

இத்தனையும் கேட்டுக் கேட்டு, ஒரு கடையில் பின்பக்கம் தூசி படிந்து நின்ற ஒரு வண்டியைக் கண்டுபிடித்தேன். நடுக்கம்பி தாழ்ந்த ஃபிரேம், காலைச் சுழற்றித் தூக்காமல் உள்ளே விட்டு ஏறலாம். சீட்டைவிட உயரமான, நம் பக்கமாக வளைந்த ஹேண்டில், அதனால் முதுகு நிமிர்ந்து உட்காரலாம், ரோடு முழுவதும் தெரியும். அலாய் ரிம், பின்னால் ஏழு கியர், இரும்பு மட்கார்டு, டைட்டான கேரியர். "அது லேடீஸ் மாடல், ஓட்டம் இல்லாததுக்கா" என்று கடைக்காரர் விலையைக் குறைத்தே தந்தார். பிராண்டு பேரைச் சொல்லப்போவதில்லை, மாடல் பேரெல்லாம் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது, ரிம்மும் பல்லும் மாறுவதில்லை. மணியும் முன் லைட்டும் பின்னால் சிவப்பு லைட்டும் தனியாக வாங்கினேன். ஹெல்மெட் சைக்கிளுக்குச் சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் நாற்பதுக்கு மேல் மண்டை மட்டும் புதுசாக முளைக்காது என்பதால் போட்டுக்கொள்கிறேன்.

அருமனையில் இருக்கும் என் அக்காவுக்கு இது எதுவும் பொருந்தாது. அவள் வீட்டு வாசலிலிருந்து கடைக்குப் போக ஒரு இறக்கம், திரும்பி வர ஒரு ஏற்றம், இரண்டும் ஒரே ரோடுதான். "இஞ்ச சைக்கிளை ஓட்ட முடியாதுட்டி, உருட்டத்தான் முடியும்" என்பாள். அவளுக்கு மோட்டார் வைத்த இ-சைக்கிள்தான் சரி. 250 வாட்டுக்குள்ளும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் லைசென்சும் வேண்டாம், ரிஜிஸ்ட்ரேஷனும் வேண்டாம். ஆனால் வாங்கும் முன் பேட்டரி இல்லாமல் ஒருமுறை மிதித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சார்ஜ் தீர்ந்த பிறகு அந்த ஏற்றத்தில் அந்த எடையைத் தள்ளப்போவது அவள்தான்.

ஆபீசுக்குப் போவது இப்போது ஒரு விஷயமே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் ஆசை. தேரூர் குளத்து ஓரம் ஒரு நல்ல சுற்று, அங்கிருந்து சுசீந்திரம். இன்னொரு வாரம் புத்தளம் உப்பளங்களைத் தாண்டி மணக்குடி. 2004 சுனாமி பழைய பாலத்தை அடித்துக்கொண்டு போன இடத்தில் இப்போது இருக்கும் புதுப் பாலத்தின் மேல் நின்று காயலைப் பார்க்கலாம்.

ஆரல்வாய்மொழிக்கு மட்டும் காலம் பார்த்துப் போக வேண்டும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வரும் காற்று அந்தக் கணவாயில் குவிந்து கிழக்கே பாய்கிறது, அதனால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலை. நாகர்கோவிலிலிருந்து போகும்போது அது முதுகில் கைவைத்துத் தள்ளும், நமக்கு என்னமோ பெரிய கால் இருப்பதாகத் தோன்றும். திரும்பும்போதுதான் விஷயம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கக் கணக்கில் ஏறும், வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நாலு மடங்கு. நாம் 15 கிலோமீட்டரில் போகிறோம், எதிரே 15 கிலோமீட்டரில் காற்று என்றால், காற்று இல்லாத நாளைவிட நாலு மடங்கு முட்டித் தள்ளும். தோவாளைப் பூச்சந்தை வரை வந்து, கடைசிக் கியருக்கு வந்து, அதற்கு மேல் இறக்கக் கியர் இல்லை என்று தெரிந்து, இறங்கி நின்று ஒரு நாரங்கா வெள்ளம், அதாவது எலுமிச்சை ஜூஸ், குடித்தேன். காற்றுக் காலத்தில் முதலில் மேற்கே வில்லுக்குறி பக்கம் எதிர்காற்றில் போய்விட்டு, திரும்பும்போது காற்றோடு வருவது புத்தி. இதை நான் அண்ணன் மகளிடம் போனில் விளக்கிக்கொண்டிருக்கும்போது அவள் இடையில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "அத்தை, ஸ்கூட்டிக்கு இந்த மேற்கு கிழக்கெல்லாம் கிடையாது கேட்டேளா." அவளுக்குப் பதில் இருந்தது, அப்போது சொல்ல மூச்சுதான் இல்லை.